முட்டி தேயாது தங்கச்சி, சீட்டை ஏத்துங்க

கேள்வி:

டாக்டரம்மா, வணக்கம். எனக்கு வயது 46. மியான்மரில், மோல்மேன் பெரிய மார்க்கெட் பக்கம் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். மூன்று வருடமாகச் சுகர். காலையில் கிளிக்லசைடு ஒன்று, காலையும் இரவும் மெட்ஃபார்மின். எடை 71 கிலோ, உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். இதுவரை மகன்தான் பைக்கில் கொண்டு வந்து விடுவான். தைப்பூசம் முடிந்த கையோடு அவன் தாய்லாந்துக்கு வேலைக்குப் போய்விட்டான். தினம் தோன்பெய்ன் என்கிற மூன்று சக்கர வண்டி பிடித்தால் சம்பளத்தில் பெரும்பகுதி அதற்கே போகிறது. வீட்டில் பழைய ஜப்பான் சைக்கிள் ஒன்று சும்மா கிடக்கிறது. கடைக்கு ஐந்து கிலோமீட்டர். கல்யாணத்துக்கு முன்னால் நன்றாக ஓட்டியிருக்கிறேன். ஆனால் மாமியார், "ஏற்கெனவே முட்டி வலி, சைக்கிள் மிதிச்சா இன்னும் தேய்ஞ்சிடும்" என்கிறார். வீட்டுக்காரர், "இந்த வயசுல சைக்கிளா? கோயில்ல நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க?" என்கிறார். சைக்கிளில் போய்வருவது என் உடம்புக்கு நல்லதா, கெடுதலா? மழைக்காலம் வேறு வருகிறது.

– ஒரு வாசகி, மோல்மேன்

பதில்:

தங்கச்சி, முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணமெல்லாம் அப்புறம். போகலாம். சுகருக்கும் நல்லது, அந்த முட்டிக்கும் நல்லது. ஆனால் நாளைக் காலையிலேயே சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். உங்கள் மாத்திரையில் ஒரு சிக்கல் இருக்கிறது. சைக்கிள் சீட்டிலும் ஒரு சிக்கல் இருக்கும் என்று பார்க்காமலே சொல்வேன். இரண்டையும் சரிசெய்துகொண்டு கிளம்புங்கள்.

முப்பது வருடமாகச் சுகர்க்காரர்களுக்கு "தினம் அரைமணி நேரம் நடக்கவும்" என்று மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுத்துவருகிறேன். எத்தனை பேர் நடந்தார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். பத்து நாள் நடப்பார்கள். அப்புறம் ஒரு மழை, ஊரிலிருந்து ஒரு விருந்தாளி, பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல், அதோடு சரி. அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? விடியற்காலையில் எழுந்து சோறு வடித்து, வீட்டைக் கூட்டி, கடைக்கு ஓடுகிற பெண்ணிடம் போய் "உனக்கென்று அரைமணி ஒதுக்கு" என்றால் அவள் எங்கிருந்து ஒதுக்குவாள்? எல்லா வேலையும் முடிந்து மிச்சமிருக்கிற நேரத்தில் செய்துகொள்ளலாம் என்று உடற்பயிற்சியைக் கடைசியில் வைக்கிறோம். நம் வீடுகளில் மிச்சம் என்று ஒரு நேரம் இருப்பதே கிடையாது.

வேலைக்குப் போவது அப்படியா? கடை திறந்தால் நீங்கள் போயே ஆக வேண்டும். கடை சாத்தினால் வீட்டுக்கு வந்தே ஆக வேண்டும். அந்தப் போக்குவரத்தையே சைக்கிளில் வைத்துக்கொண்டால், இன்றைக்கு வேண்டாம் நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சுக்கு இடமில்லை. சைக்கிளில் எனக்குப் பிடித்த விஷயம் இதுதான். வைத்தியத்தில் தினமும் தவறாமல் உள்ளே போகிற மருந்துக்குத்தான் மதிப்பு.

நீங்கள் கணக்கெழுதுகிறவர், கணக்காகவே பாருங்கள். அவசரமில்லாமல் மிதித்தால் மணிக்கு 15 கிலோமீட்டர் வரும். ஐந்து கிலோமீட்டருக்கு 20 நிமிடம், போகவர 40. வாரத்தில் ஆறு நாள் கடை என்றால் 240 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது, பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமாக உடம்பை அசைக்க வேண்டும் என்பது. மிதமாக என்றால், கூட வருகிறவரிடம் பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. நீங்கள் அந்தக் கணக்கின் நடுவில் நிற்கிறீர்கள். தெருமுனையில் தோன்பெய்னுக்காகக் காத்து நிற்கிற நேரத்தைக் கழித்தால், சைக்கிளுக்கென்று கூடுதலாகப் போகிற நேரம் கொஞ்சம்தான்.

வேலையோடு வேலையாக உடம்பு அசைவதைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த ஒரு கதை உண்டு. லண்டனில் ஜெர்ரி மாரிஸ் என்று ஒரு டாக்டர். அங்கே ஓடும் மாடி பஸ்களில் வேலை செய்தவர்களின் இதய நோயைக் கணக்கெடுத்து 1953-இல் வெளியிட்டார். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மாடிக்கும் கீழுக்குமாக ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். இரண்டு பேருக்கும் ஒரே பஸ், ஒரே புகை. மாரடைப்பு ஓட்டுநர்களுக்குத்தான் அதிகம் வந்தது, உயிர் போனதும் அவர்களில்தான் அதிகம். அந்தக் கண்டக்டர்கள் யாரும் உடற்பயிற்சி என்று நினைத்துக்கொண்டு படி ஏறவில்லை. டிக்கெட் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

கதை அங்கே நிற்கவில்லை. மூன்று வருடம் கழித்து அதே மாரிஸ் குழு அந்தத் தொழிலாளர்களின் சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தது. இளவயது ஓட்டுநர்களுக்குக்கூட கால்சட்டை இடுப்பளவு கண்டக்டர்களைவிடப் பெரிதாக இருந்தது. அப்படியானால் உட்கார்ந்ததால் நோய் வந்ததா, அல்லது கொஞ்சம் பருமனானவர்கள்தான் ஓட்டுநர் வேலைக்குப் போனார்களா? தான் கண்டுபிடித்ததைத் தானே சந்தேகப்பட்டுத் தையல் கணக்கு வரைக்கும் போன மனிதர்மேல் எனக்குத் தனி மரியாதை.

சைக்கிள் பற்றிய ஆய்வுகளையும் நான் அந்தக் கால்சட்டையை நினைத்துக்கொண்டுதான் படிக்கிறேன். 2017-இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தார் பிரிட்டனில் 2,63,450 பேரைச் சுமார் ஐந்து வருடம் கவனித்து எழுதினார்கள். வேலைக்குச் சைக்கிளில் போனவர்களிடம் அந்தக் காலத்தில் இறப்பு 41 சதவீதம் குறைவு. இதய நோயும் புற்றுநோயும் அதே அளவில் குறைவு. எண்ணைப் பார்த்தால் வாய் பிளக்கும். ஆனால் ஏற்கெனவே திடமாக இருப்பவர்கள்தானே சைக்கிளை எடுப்பார்கள்? சாப்பாடு, புகைப் பழக்கம் எல்லாவற்றையும் கழித்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள், இருந்தாலும் முழுசாகக் கழித்துவிட முடியாது. அதனால் அந்த 41-ஐ உங்களுக்கு நான் வாக்காகக் கொடுக்க மாட்டேன். நன்மை இருக்கிறது, எவ்வளவு என்பதில்தான் சந்தேகம். அவ்வளவு தைரியமாகச் சொல்வதற்குக் காரணம், உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பது தெளிவாகத் தெரியும்.

உங்களுக்கு வந்திருக்கிற வகைச் சுகரில் இன்சுலின் சுரக்கத்தான் செய்கிறது, தசை அதன் பேச்சைக் கேட்பதில்லை. இன்சுலின் கதவைத் தட்டுகிறது, உள்ளேயிருந்து யாரும் திறப்பதில்லை. சர்க்கரை வெளியே இரத்தத்திலேயே தேங்கி நிற்கிறது. நீங்கள் மிதிக்கும்போது தசை சுருங்கி விரிகிறது பாருங்கள், அப்போது இன்சுலின் தட்டாமலே அந்தக் கதவு தானாகத் திறக்கிறது. சர்க்கரை உள்ளே போய் எரிகிறது. உடம்பிலேயே பெரிய தசைகள் தொடையிலும் இடுப்புக்குப் பின்னாலும்தான் இருக்கின்றன, சைக்கிள் வேலை வாங்குவதும் அவற்றைத்தான். இறங்கிய பிறகும் ஒரு நாள், ஒன்றரை நாள் வரைக்கும் தசை இன்சுலினிடம் கொஞ்சம் மரியாதையாக நடந்துகொள்ளும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் மிதிப்பதைவிடத் தினமும் 40 நிமிடம் மிதிப்பது சுகருக்கு நல்லது. காலையில் சாப்பிட்டு அரைமணி கழித்துக் கிளம்பினால் இன்னும் விசேஷம். சாப்பாட்டுச் சர்க்கரை ஏறுகிற நேரத்தில் நீங்கள் மிதித்துக்கொண்டிருப்பீர்கள்.

இப்போது அந்த மாத்திரைச் சிக்கல். மெட்ஃபார்மின் சாது. தனியாகச் சாப்பிட்டால் சர்க்கரையை அளவுக்குக் கீழே இறக்கிவிடாது. கிளிக்லசைடு வேறு ஜாதி. கணையத்தைப் பிடித்து அழுத்தி இன்சுலினைச் சுரக்க வைக்கும். நீங்கள் சாப்பிட்டீர்களா, வெயிலில் மிதித்துக்கொண்டிருக்கிறீர்களா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. மாத்திரை ஒரு பக்கம் இறக்க, சைக்கிள் ஒரு பக்கம் இறக்க, நடு ரோட்டில் கை நடுங்கும், குப்பென்று வேர்க்கும், நெஞ்சு படபடக்கும், காரணமில்லாமல் எரிச்சல் வரும். கண் மங்குவதற்கு முன்னால் இறங்கிவிட வேண்டும். சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை அளவுக்கு இனிப்பு எதையாவது வாயில் போட்டுக்கொண்டு 15 நிமிடம் உட்காருங்கள். நம் ஊரில் பனைவெல்லத்துக்கா பஞ்சம்? நாலு சின்ன உருண்டையைக் காகிதத்தில் மடித்துச் சைக்கிள் கூடையில் நிரந்தரமாகப் போட்டுவையுங்கள். எறும்பு வந்தால் மாற்றிவையுங்கள், எடுத்துவிடாதீர்கள்.

வழக்கமாகப் பார்க்கிற டாக்டரிடம் போய், "இனிமேல் தினம் 40 நிமிடம் சைக்கிள் மிதிக்கப்போகிறேன், கிளிக்லசைடைக் குறைக்க வேண்டுமா?" என்று கேளுங்கள். நீங்களாகக் குறைக்கக் கூடாது. முதல் இரண்டு வாரம் கிளம்புவதற்கு முன்பும் கடைக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் விரலில் குத்திப் பாருங்கள். 100-க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழமாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். 250-க்கு மேலே இருந்து உடம்பும் அசதியாக இருந்தால் அன்றைக்குத் தோன்பெய்ன்தான். சாயங்காலம் மிதித்ததற்கு ராத்திரியில் சர்க்கரை இறங்குவதும் உண்டு. தூக்கத்தில் வேர்த்து எழுந்தால் வெயில் காலம் என்று நினைத்துத் திரும்பிப் படுத்துவிடாதீர்கள். கண் பரிசோதனை செய்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் அதையும் முடித்துவிடுங்கள். மாடிப்படி ஏறும்போது நெஞ்சை அடைக்கிறது என்றால் சைக்கிளைத் தொடுவதற்கு முன் ஈ.சி.ஜி.

அடுத்து முட்டி. மாமியாரின் பயம் நியாயமானது. ஊரில் பாதிப் பேர் முட்டியை மாட்டுவண்டிச் சக்கரம் மாதிரி நினைக்கிறார்கள், ஓட ஓடத் தேயும் என்று. முட்டியில் இருக்கிற குருத்தெலும்புக்கு இரத்தக் குழாயே கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் அதற்குச் சாப்பாடு. மூட்டு மடங்கி நீளும்போதுதான் அந்தத் திரவம் உள்ளே போய் வரும். அசையாத முட்டி பட்டினி கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடக்கும்போது உங்கள் முட்டியில் உடம்பு எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு இறங்குகிறது. சைக்கிளில் எடையைச் சீட் தாங்கிக்கொள்கிறது. மெதுவாக மிதித்தால் முட்டிக்கு வருவது ஏறக்குறைய ஒரு மடங்குதான். கூடவே தொடைத் தசை பலமாகிறது. பலமான தொடை இருந்தால் தேய்ந்த முட்டிகூட வலியைக் குறைத்துக்கொள்ளும்.

பின்னே சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு ஏன் முட்டி வலி வருகிறது? போன வருடம் ஒரு பூக்கார அம்மா வந்தார். 58 வயது. கேரியரில் கூடை கட்டி, நாளெல்லாம் ரோஜாவும் மல்லிகையும் விற்கிறவர். முட்டிச் சில்லுக்குக் கீழே வலி, மாத்திரை கேட்டார். "சைக்கிள் எங்கே?" என்றேன். வெளியே நிற்கிறது என்றார். கம்பவுண்டரை விட்டு வாசலுக்குள் கொண்டுவரச் சொன்னேன். பார்த்தால் சீட் அடியோடு அமுங்கி, கேரியருக்குச் சமமாக இருக்கிறது. உட்காரச் சொல்லி மிதிக்கவிட்டேன். முட்டி ஏறி ஏறி ஹேண்டிலைத் தொடப் பார்க்கிறது. "கால் ரெண்டும் தரையில ஊன்றணும்மா, இல்லாட்டி விழுந்துடுவேன்" என்றார். எல்லோரும் சொல்கிற காரணம்தான் அது. மடங்கிய முட்டியோடு அழுத்தினால் சில்லு தொடை எலும்பில் போய் நசுங்கும். நாள் ஒன்றுக்கு ஆயிரக்கணக்கான தடவை நசுங்கினால் வலிக்காமல் என்ன செய்யும்?

சீட் போல்ட் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெய் விட்டுப் பத்து நிமிடம் ஊறவைத்து, ஸ்பானர் போட்டுக் கம்பவுண்டர் திருப்பினார். நாலு விரல் ஏற்றினோம். அளவு சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். சைக்கிளைச் சுவரோரம் வைத்து, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் நேராக உட்காருங்கள். ஒரு பெடல் அடியில் இருக்கும்போது அதில் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். அப்புறம் மிதிக்கும்போது முன்பாதத்தை வைப்பீர்கள் அல்லவா, அப்போது முட்டி இலேசாக மடங்கியிருக்கும். அந்த மடிப்புப் போதும். சீட் கம்பியில் ஒரு கோடு போட்டிருக்கும், அந்தக் கோடு வெளியே தெரிகிற அளவுக்கு ஏற்றக் கூடாது. நிற்க வேண்டுமென்றால் சீட்டில் உட்கார்ந்தபடியே கால் ஊன்றப் பார்க்காதீர்கள். பிரேக் பிடித்து, சீட்டிலிருந்து முன்னால் இறங்கி, ஒரு காலை ஊன்றுங்கள். அந்த அம்மாவுக்கு இது பழக இரண்டு நாள் ஆனது. வாசலிலேயே "எட்ட மாட்டேங்குதும்மா, எட்ட மாட்டேங்குதும்மா" என்று ஒரே புலம்பல். மூன்று வாரம் கழித்து வலி பாதியாகக் குறைந்தது என்று சொல்லி மேசையில் ஒரு முழம் மல்லிகையை வைத்துவிட்டுப் போனார். மாத்திரை எழுதவில்லை, கம்பவுண்டருக்குத்தான் அந்தப் பெருமை.

ஆரம்பத்தில் முதல் வாரம் பாதித் தூரம் ஓட்டிப் பழகுங்கள். மேட்டில் எழுந்து நின்று அழுத்த வேண்டாம், இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். முட்டி வீங்கினாலோ, நடக்கும்போது சடக்கென்று மாட்டிக்கொண்டு நின்றாலோ, காலை வாரிவிட்டாலோ அது வேறு விஷயம். சைக்கிளை நிறுத்திவிட்டு நேரில் காட்டுங்கள்.

சைக்கிளால் ஆகாததையும் சொல்லிவிட வேண்டும். எடை அதனால் மட்டும் குறையாது. உங்கள் 40 நிமிடத்தில் எரிவது இருநூறு கலோரி சொச்சம்தான். கடைக்குப் போய்ச் சேர்ந்ததும் "மிதித்து வந்தோமே" என்று எண்ணெயில் பொரித்த ஒரு ஈச்சாக்வேயைப் பால்மாவு டீயில் நனைத்துச் சாப்பிட்டால் கணக்கு நேராகிவிடும். இன்னொன்று எலும்பு. எடையைச் சீட் தாங்குகிறது என்றேனே, முட்டிக்கு அது நல்லது, எலும்புக்கு அதில் இலாபமில்லை. எலும்பு பலமாக அதன் மேல் எடை இறங்க வேண்டும். மாதவிடாய் நிற்கிற வயதை நெருங்குகிறீர்கள், ஆகவே கொஞ்சம் நடையும் படியேற்றமும் கூட இருக்கட்டும். செவ்வாய், வெள்ளி கோயிலுக்கு நடந்தே போங்கள்.

உடுப்பு, செருப்பு. லுங்கியோடு சைக்கிள் ஓட்டுவது இந்த நாட்டுப் பெண்களுக்குப் பெரிய வித்தையில்லை. ஆனால் செயின் மூடி இருக்க வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், புது லுங்கி, செயின் மூடி இல்லாத சைக்கிள், வாசலில் இருபது பேர் பார்க்க விளிம்பு பல்சக்கரத்தில் மாட்டிக் குப்புற விழுந்தேன். கத்தரிக்கோலால் வெட்டித்தான் என்னை எடுத்தார்கள். பழைய ஜப்பான் சைக்கிள்களில் செயின் முழுக்க மூடியிருக்கும், முன்னால் கூடை இருக்கும், குறுக்குக் கம்பி தாழ்ந்திருக்கும். உங்களுக்கென்றே செய்த மாதிரி. செருப்பு விஷயத்தில் நான் கண்டிப்பு. வழுக்கிக் கழன்றுவிழும் வெல்வெட் செருப்பும் ரப்பர் செருப்பும் கூடாது. சுகர்க்காரருக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், பெடல் கீறியது சாயங்காலம் வரை தெரியாது. குதிகாலில் வார் உள்ள, விரலை மூடுகிற செருப்பாக வாங்குங்கள். ராத்திரி படுக்குமுன் பாதத்தையும் விரலிடுக்கையும் ஒருமுறை பாருங்கள்.

சாலையைப் பற்றி. நம் ஊர் ஆற்றுக்கும் புத்தர் கோபுரங்கள் நிற்கிற பகோடா மேட்டுக்கும் நடுவில் தெற்கு வடக்காக நீண்டு கிடக்கிற ஊர். கிழக்கே ஏறினால்தான் மேடு. கொஞ்சம் சுற்றானாலும் ஆற்றங்கரைச் சாலையோடு போங்கள், மூச்சும் வாங்காது, புகையும் குறைவு. இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. 1970-இல் இந்த நாடு இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. ஆனால் ஜப்பானிலிருந்து வந்த பழைய கார்களில் இன்றும் ஸ்டியரிங் வலப்பக்கம்தான். வலதோரம் நிறுத்திய அந்தக் காரில், ரோட்டுப் பக்கம் உட்கார்ந்திருப்பது பயணி. பக்கக் கண்ணாடியைப் பார்க்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது, படாரென்று கதவைத் திறப்பார். நிற்கிற கார்களைக் கடக்கும்போது ஒரு கதவு அகலம் தள்ளியே போங்கள், பின்னால் யார் ஹார்ன் அடித்தாலும் சரி. ரயில் தண்டவாளத்தைக் குறுக்காக நேராகக் கடங்கள், சாய்ந்து போனால் சக்கரம் இடுக்கில் இறங்கிவிடும். கரண்ட் இல்லாத சாயங்காலங்களில் தெருவிளக்கை நம்ப முடியாது. டைனமோ எரிகிறதா பாருங்கள், பின்னால் சிவப்பு ஒளிர்வில்லை ஒன்று ஒட்டுங்கள், தலைக்கவசம் போடுங்கள்.

மழைக்குச் சுலபமான பதில் என்னிடம் இல்லை. மோல்மேனில் வருடத்துக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது, சென்னையில் பெய்வதைப் போல மூன்று மடங்கு. ஜூன், ஜூலை, ஆகஸ்டில் சில நாள் சைக்கிளை எடுக்கவே முடியாது. அந்த நாளில் தோன்பெய்னில் போங்கள், விட்டுப்போனதே என்று மனம் நொந்து மறுநாளும் விட்டுவிடாதீர்கள். தூறலில் போகலாம். நனைந்த ரிம்மில் பிரேக் உடனே பிடிக்காது. கட்டை முதலில் தண்ணீரைத் துடைக்கும், அப்புறம்தான் பிடிக்கும். ஆகவே முன்கூட்டியே இலேசாக அழுத்தத் தொடங்குங்கள். தேங்கிய தண்ணீருக்குள் இறங்கித் தள்ளவே வேண்டாம். அடியில் திறந்த சாக்கடை இருக்கும், எலிக்காய்ச்சலும் இருக்கும். கடையில் ஒரு துண்டும் மாற்று லுங்கியும் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் உங்கள் வீட்டுக்காரர். என் அப்பா அரிசி மில்லில் கணக்குப்பிள்ளை. ராலே சைக்கிளில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போவார். அந்தக் காலத்தில் சைக்கிள் வைத்திருப்பவர் என்றால் பெண் கொடுக்கப் போட்டி போடுவார்கள். அம்மா வீட்டார் மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்ததைவிடச் சைக்கிளைப் பற்றி விசாரித்ததுதான் அதிகம் என்று பாட்டி சொல்வார். சனிக்கிழமை தோறும் தேங்காயெண்ணெய் தொட்டு சக்கரத்தின் ஒவ்வொரு ஆரக்கம்பியாகத் துடைப்பார். நான் படித்தது அந்தச் சைக்கிளின் கேரியரில் உட்கார்ந்து போய்த்தான். நடுவில் பைக் வந்தது, கார் வந்தது, அதே சைக்கிள் வக்கில்லாதவன் வண்டி ஆகிவிட்டது. கோயிலில் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று கேட்கிறார் அல்லவா, அந்த நாலு பேரில் எத்தனை பேருக்குச் சுகர் என்று கேட்டுப்பாருங்கள். எனக்குத் தெரியும், சீட்டு எழுதிக்கொடுக்கிறவள் நான்தானே. அவரோடு சண்டை பிடிக்க வேண்டாம். சைக்கிளைப் பட்டறைக்குக் கொண்டுபோகிற வேலையை அவரிடமே கொடுத்துவிடுங்கள். சும்மா கிடந்த சைக்கிளில் டியூப் இரண்டும் இற்றுப்போயிருக்கும், பிரேக் கட்டை கல்லாகியிருக்கும், இரண்டையும் மாற்றியே ஆக வேண்டும். கையில் கிரீஸ் பட்ட ஆண்களுக்குக் கௌரவம் கொஞ்சம் இளகும் என்பது என் அனுபவம்.

கிளம்புகிற வாரம் மூன்று மாதச் சராசரிச் சுகர் பார்க்கிற பரிசோதனை ஒன்று எடுத்துவிடுங்கள். எச்.பி.ஏ.1.சி என்று எழுதியிருப்பார்கள். மூன்று மாதம் மிதித்துவிட்டு மறுபடி ஒன்று. இரண்டு ரிப்போர்ட்டையும் எனக்கு அனுப்புங்கள். சீட் எத்தனை விரல் ஏறியது என்பதையும் கூடவே எழுதுங்கள்.